சம்பளம் தேவையில்லை, சரி. காலையில் எதற்கு எழும்புவது?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு 51 வயது. கோட்டையில் ஒரு தனியார் கொம்பனியின் கணக்குப் பிரிவில் 23 வருடமாக வேலை. வெளியிலிருந்து வரும் இன்வொய்ஸ்களைப் பழைய ஓடர்களோடு ஒப்பிட்டு, பிழை பிடித்து, காசு கொடுக்கலாம் என்று கையெழுத்து வைப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. ஒரு காலத்தில் 11 பேர் இருந்தார்கள். போன வருடம் ஒரு மென்பொருள் வந்தது. அது இன்வொய்ஸைத் தானே வாசிக்கிறது, தானே ஒப்பிடுகிறது, சந்தேகம் வந்தால் மட்டும் மனிதரைக் கூப்பிடுகிறது. இப்போது 3 பேர்தான் மிச்சம். "பத்து மணிக்கு என் வேலை முடிந்துவிடுகிறது, பிறகு ஐந்து மணி வரைக்கும் வேலை செய்வது மாதிரி நடிக்கிறேன்" என்று எழுதுகிறார். இந்த நிலையில் சுயவிருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒரு கடிதம் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

பணக் கஷ்டம் இல்லை என்கிறார். ஃபிளாட் சொந்தம், கடன் முடிந்துவிட்டது, கனடாவில் இருக்கும் மகள் மாதாமாதம் அனுப்புகிறார். மனைவிக்குச் சந்தோஷம். மைத்துனர் "இனி கோயில் குளம் என்று நிம்மதியாக இருங்கோ" என்கிறாராம். உயர்தரம் படிக்கும் மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்பா, நீங்கள் கொஞ்சம் முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். இன்னும் 20 வருடத்தில் ஒருத்தருக்குமே வேலைக்குப் போகத் தேவையிராது, எல்லாம் மெஷின் செய்யும், அரசாங்கம் எல்லாருக்கும் காசு போடும்" என்று சொல்லிவிட்டு, கணக்கியல் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டார்.

வாசகர் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பத்து நாள் லீவு போட்டு ஒத்திகை பார்த்திருக்கிறார். நாலாம் நாள் காலையில் தன்னையறியாமல் காலி வீதிக்கு இறங்கிப் போய், 100ஆம் நம்பர் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டு ஹோல்டில் முக்கால் மணித்தியாலம் நின்றாராம். "எங்கேயும் போகாதவனுக்கு எதற்குச் சவரம் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். மேல் மாடியில் இருந்த ஐயா பென்ஷன் எடுத்து இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதுதானா? இது ஒரு வருத்தமா? கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? வேலையே இல்லாத உலகத்தில் மனிதர் எதற்காக வாழ்வது என்று மகனுக்கு என்ன பதில் சொல்ல?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள வாசகருக்கு,

என்னை டொக்டர் என்று விளித்திருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை, உளவளத்துணையாளர். மருந்து எழுத மாட்டேன், நிறையப் பேசுவேன், அதைவிட நிறையக் கேட்பேன். கடிதத்தில் கேட்க முடியாது என்பதால் சில இடங்களில் ஊகித்து எழுதுகிறேன். பிழையாக இருந்தால் திருத்துங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து

நீங்கள் கடைசியில் வைத்திருக்க வேண்டியதை நடுவில் வைத்தீர்கள், நான் முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இதற்குத்தான் தவணை இருக்கிறது. வாழ்க்கையின் அர்த்தம் இரண்டு வாரம் பொறுக்கும்.

"வேறு வழி இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் என்றால், ஒழுக்கக் காரணம் இல்லாமல் உங்கள் வேலையை நிறுத்துவதற்கு ஒன்றில் உங்களுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. மென்பொருள் வந்து ஆள் மிஞ்சிவிட்டது என்பதும் இதற்குள்தான் வரும். அதாவது அவர்கள் கேட்கும் கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம். சுயவிருப்பம் என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை, விருப்பம் இல்லை என்றால் போடாமல் இருக்கலாம். அதற்காக, போடாவிட்டால் 60 வயது வரை கதிரை நிச்சயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்று 2021இல் சட்டம் வந்தது உண்மை, ஆனால் கொம்பனி ஆணையாளரிடம் விண்ணப்பித்து, நட்டஈடு கொடுத்து ஆளைக் குறைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகைக்குள் பணிக்கொடையும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு எப்படியும் சேர வேண்டியது, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 23 வருடத்துக்குப் பதினொன்றரை மாதச் சம்பளம். அதையே தூக்கித் தங்கத் தட்டில் வைத்து "விசேட சலுகை" என்று நீட்டும் ஆட்களும் உண்டு. அடுத்தது ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதி. ஆண்களுக்கு 55 வயதில்தான் கையில் வரும், இப்போது விலகினால் சாதாரணமாக நாலு வருடம் காத்திருக்க வேண்டும். நான் சட்டத்தரணி இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போய், அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். காசு வாங்க மாட்டார்கள்.

"பணம் பிரச்சினை இல்லை" என்ற வரியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 பக்கம் போனதை நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தபடியே பார்த்திருப்பீர்கள். 51 வயதில் விலகினால் இன்னும் 30 வருடம் ஓட வேண்டியிருக்கலாம். மகள் தருவார், சந்தேகமில்லை. ஆனால் மாதம் முடியும்போது சம்பளம் வருவதும் மகளின் காசு வருவதும் ஒரே தொகையாக இருந்தாலும் ஒரே மாதிரி இராது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "அனுப்புகிறாள்" என்று எழுதி, வெட்டி, "அனுப்புகிறார்" என்று திருத்தியிருக்கிறீர்கள்.

மேல் மாடி ஐயா

அவர் பென்ஷன் எடுத்ததால் இறந்தார் என்று ஃபிளாட் முழுக்க நம்புகிறது போல. இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் கதை மறுபக்கம். உடம்பு ஏற்கனவே சரியில்லாதவர்கள்தான் மற்றவர்களைவிட முந்தி வேலையை விடுகிறார்கள். பிறகு அவர்கள் போய்விட்டால், ஓய்வுதான் கொன்றது என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பென்ஷன் எடுத்துவிட்டு 88 வயதில் மரைன் டிரைவில் காலை நடை போகிறவர்களை ஒருவரும் உதாரணம் காட்டுவதில்லை, அவர்கள் செத்த வீட்டுக் கதைக்கு உதவ மாட்டார்கள்.

1930இல் நடந்த இரண்டு விஷயம்

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன், அது உங்களுடைய கேள்வியும்தான். உங்கள் மகன் சொன்னதை முதலில் சொன்னவர் அவர் இல்லை. ஜோன் மேனாட் கெய்ன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1930இலேயே எழுதினார்: இன்னும் 100 வருடத்தில் செல்வம் அவ்வளவு பெருகியிருக்கும், வாரத்துக்கு 15 மணித்தியாலம் வேலை செய்தால் போதும், அப்போது மனிதருக்கு இருக்கும் உண்மையான பிரச்சினை அந்த ஓய்வை வைத்து என்ன செய்வது என்பதுதான் என்று. 100 வருடம் முடியப் போகிறது. உங்கள் ஒபிஸில் யாராவது 15 மணித்தியாலத்தோடு வீட்டுக்குப் போகிறார்களா? செல்வம் பெருகும் என்று அவர் சொன்னது பணக்கார நாடுகளில் ஏறத்தாழ நடந்தது, நேரம் மட்டும் அப்படிக் கிடைக்கவில்லை. மிச்சம் பிடித்த நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு பெரிய கேள்வி. 11 பேரின் வேலையை மென்பொருள் செய்கிறது, சரி, அந்த 8 பேரின் சம்பளம் இப்போது எங்கே போகிறது என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாருக்கும் காசு போடும்" அரசாங்கம் அதை எந்தப் பையிலிருந்து எடுக்கும் என்பது அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் ஃபிளாட் வாசலில் இரவு முழுக்க முழித்திருக்கும் வொச்சருக்கு வேலை விருப்பத்துக்குரியதாக ஆவதற்கு இன்னும் எத்தனை மென்பொருள் வர வேண்டுமோ.

அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. ஒஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு கிராமம், ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. (வெள்ளவத்தையிலும் ஒரு நெசவாலை இருந்தது, பழைய ஆட்கள் "மில்" என்றே சொல்வார்கள்.) அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே போய், வேலை இல்லாமல் போன ஊர் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஊருக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. ஆனால் நூலகத்தில் இரவல் எடுக்கும் புத்தகங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆண்கள் வீதியில் நடக்கும் வேகம் குறைந்தது, சும்மா சும்மா நின்றார்கள். பலர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டார்கள். நீங்கள் பஸ் ஹோல்டில் நின்ற முக்கால் மணித்தியாலத்தை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பெண்கள் மட்டும் அப்படி நிற்கவில்லை. அவர்களுக்குச் சமைக்க இருந்தது, தோய்க்க இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுடைய ஆலை மூடவில்லை.

இதை வைத்து "பார்த்தீர்களா, வேலை இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மரியந்தால் ஆட்கள் வேலையோடு சேர்த்துக் காசையும் இழந்தவர்கள், கிடைத்த உதவித்தொகையும் காலப்போக்கில் குறைந்து, பலருக்கு நின்றுபோனது. பசியையும் வெறுமையையும் பிரித்து அளக்க முடியாது. பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருடம், வேலையில்லாத 2000 பேருக்கு மாதம் 560 யூரோ எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் படுத்துக் கிடக்கவில்லை, மற்றவர்களைவிட மனம் கொஞ்சம் நன்றாகவே இருந்தது, வேலைக்குப் போனதும் குறையவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் நின்றுவிடும் என்று தெரிந்த காசு அது. ஆயுள் முழுக்க வரும் என்று தெரிந்தால் அதே ஆள் என்ன செய்வார் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு நான் பின்லாந்து போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஒழுங்கையில் இறங்கி நடந்தாலே போதும்.

வெள்ளவத்தை செய்து பார்த்த பரிசோதனை

1983க்குப் பிறகு பிள்ளைகள் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போனார்கள், தாய் தகப்பனுக்கு காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஃபிளாட் வாங்கிக் கொடுத்தார்கள், மாதம் பிறந்தால் காசு வருகிறது. வேலை செய்யத் தேவையில்லாத வாழ்க்கையை ஒரு தலைமுறை இங்கே 30, 40 வருடமாக வாழ்ந்து காட்டியிருக்கிறது. யாரும் வந்து ஆய்வு செய்யவில்லை, நாங்கள்தான் அவர்களோடு லிஃப்டில் ஏறி இறங்கினோம்.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர், விவரம் மாற்றித்தான் சொல்கிறேன், ஊரில் பெரிய கடை வைத்திருந்தவர். நல்ல ஃபிளாட், பல்கனியில் நின்றால் கடல் தெரியும், சமைக்க ஆள். காலையில் பேப்பர், பிறகு டிவி, பிறகு படுக்கை, பின்னேரம் ஐந்து மணிக்கு டொரொன்டோவில் விடியும் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பது. அவருக்கு ஒரு குறையும் இல்லை. "நான் இல்லாவிட்டால் ஒன்றும் நிற்காது, அதுதான் குறை" என்று ஒரு நாள் தானே சொன்னார்.

அதே மாதிரி ஃபிளாட்டில் இன்னொருவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஃபிளாட்டில் உள்ள ஆட்களுக்கு மாநகர சபையில் இருந்தோ வேறெங்கோ இருந்தோ சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் வாசித்துச் சொல்வார், பதிலும் எழுதிக் கொடுப்பார், ஒரு தேத்தண்ணியோடு சரி. பக்கத்து ஒழுங்கைகளில் இருந்தும் வரத் தொடங்கினார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்துக் கதவு திறக்கவில்லை. அன்று மதியத்துக்குள் நாலு பேர் பெல் அடித்துவிட்டார்கள், ஒருவர் கையில் கடிதம்கூட இல்லை, ஏன் ஆளைக் காணவில்லை என்று பார்க்க வந்தவர்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஓய்வு, ஒரே மாதிரி காசு. குணம் வேறு என்று நீங்கள் சொல்லலாம், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடைக்காரரும் தன் கடையில் கல்லாப்பெட்டிக்கு முன் இருந்த காலத்தில் சிங்கமாக இருந்தவர்தான். அவருக்குக் குறைந்தது, காலையில் அவரை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு ஆள்.

யஹோடா பின்னாளில், சம்பளத்தைத் தவிர வேலை ஒரு ஆளுக்கு வேறு என்ன கொடுக்கிறது என்று யோசித்து எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர், பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியம், ஊரில் ஒரு இடம், சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம். இத்தனை வருடம் ஆட்களைக் கேட்டுக் கேட்டு நான் வந்து சேர்ந்த இடம் இதைவிடச் சின்னது. ஒரு நேரத்துக்கு ஒரு இடத்தில் உங்களை ஒருவர் எதிர்பார்க்கிறார், நீங்கள் வராவிட்டால் அவருக்கு ஏதோ தடைப்படும். இதை ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது. அதனால்தான் "மெஷின் வந்தால் மனிதர் அர்த்தத்தைத் தேடிக்கொள்வார்களா" என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் கோணலாகப் படுகிறது, ஒவ்வொருவரும் தன் ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தேடுகிற சாமான் போல அது கேட்கப்படுகிறது.

உங்கள் பட்டியல்

கடிதத்தோடு ஒரு பட்டியல் இணைத்திருக்கிறீர்கள், விலகினால் என்ன செய்யலாம் என்று. மரைன் டிரைவில் நடை, தமிழ்ச் சங்க நூலகத்தில் வாசிப்பு, பல்கனியில் கறிவேப்பிலை, யூடியூப்பில் யோகாசனம். நல்ல பட்டியல், ஒன்றையும் வெட்ட வேண்டாம். ஆனால் திரும்ப வாசித்துப் பாருங்கள், நாலில் எதையாவது ஒரு நாள் நீங்கள் செய்யாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கறிவேப்பிலைக்கு மட்டும் தெரியும்.

ஆகவே ஐந்தாவதாக ஒன்றைச் சேருங்கள், நீங்கள் போகாவிட்டால் ஃபோன் வரக்கூடிய ஒன்றை. உங்களுக்குக் கணக்குத் தெரியும். கொழும்பில் பழைய மாணவர் சங்கம், நலன்புரிச் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று எத்தனை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் தலைவராக வர அடிபடுகிறார்கள், பொருளாளராக வரத்தான் ஆள் கிடையாது. மலையகத்தில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து ஏ.எல். படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு கணக்கியல் டியூஷன் கட்டணம் கட்ட வசதியில்லை. கிழமைக்கு இரண்டு பின்னேரம், நாலே நாலு பிள்ளைகள். இப்போதே தொடங்குங்கள், வேலையில் இருக்கும்போதே, பத்து மணிக்கு மேல் நடிக்கிற ஆளுக்கு பின்னேரம் களைப்பு இராது. மூன்று மாதம் செய்து பார்த்தால் அது உங்களைத் தாங்குமா என்று தெரியும். விலகிய பிறகு தேடினால், தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

இதில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்கு எங்கள் ஆட்கள் மரியாதை குறைவாகத்தான் கொடுப்பார்கள். இலவசமாக வருகிற மாஸ்டரைப் பிள்ளைகள் காக்க வைப்பார்கள், சங்கத்தில் கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சம்பளம் என்பது காசு மட்டும் இல்லை, "நீ செய்தது எங்களுக்குத் தேவைப்பட்டது" என்ற ஒரு ரசீது. அந்த ரசீது உங்களுக்கு முக்கியம் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்படியானால் சின்னக் கொம்பனி ஒன்றுக்கு அரை நாள் கணக்கு எழுதப் போகலாம். புறக்கோட்டையில் இன்னும் மென்பொருள் எட்டிப் பார்க்காத கடைகள் நிறைய இருக்கின்றன.

உங்கள் தலைக்குள் இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று "உத்தியோகம் புருஷ லட்சணம்", அதற்கும் மேலே "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று சொல்லி வளர்த்த ஊர்க் குரல். மற்றது யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொன்ன "சும்மா இரு". வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பெடியன் சும்மா இருக்கிறான் என்றால் எங்களுக்கு அது வசை, சுவாமி சும்மா இரு என்றால் உபதேசம். உங்கள் மைத்துனர் இரண்டாவதைத்தான் சொல்ல வருகிறார், ஆனால் அது எந்த வேலையையும்விடக் கஷ்டமான வேலை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. நாலாம் நாளே நீங்கள் பஸ் ஹோல்டில் நின்றீர்கள்.

வீட்டில் இருக்கும் இன்னொரு ஆள்

மனைவியைப் பற்றி நாலு பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சந்தோஷம், "இனி மார்க்கட்டுக்கு நீங்கள் போங்கோ" என்றார் என்று. அதை ஒரு பகிடியாக எழுதினீர்கள், எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் காலை ஐந்து மணிக்கு எழும்புகிறார், அவரிடம் யாரும் உன் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை. ரைஸ் குக்கர் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, அவருக்கு ஓய்வு வந்ததா? சட்டைகளை இரண்டு நாளைக்கு ஒருமுறை தோய்க்கிற வழக்கம்தான் வந்தது. மெஷின் வேலையை எடுத்துவிடும் என்று நினைக்கும் மகன் முதலில் குசினியைப் பார்த்துவிட்டு வரலாம். இன்னொன்று, உங்களுக்கு ஓய்வு என்றால் அவருக்கு மத்தியானச் சாப்பாடு ஒன்று கூடுதலாகச் சமைக்கும் வேலை. விலகுவது என்று முடிவெடுத்தால், எந்த வேலை இனி உங்களுடையது என்று இருவரும் இருந்து பேசுங்கள், "உதவி செய்வது" என்று இல்லாமல், மார்க்கட் உங்களுடையது என்றால் முழுக்க உங்களுடையது, என்ன முடிந்துபோயிருக்கிறது என்று யோசிப்பதும் சேர்த்து.

மகனிடம்

அவரோடு வாதாட வேண்டாம், 20 வருடத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு எதிர்காலத் தத்துவம் பேசினால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் பரீட்சைப் பயம். அதைவிட, 23 வருடம் ஒழுங்காக உழைத்த அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா படித்த அதே கணக்கியலைத்தான் அவரும் படிக்கிறார். "இதைப் படித்து நானும் இப்படி ஆகவா" என்று நேராகக் கேட்க முடியாமல் மெஷினைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் அவரிடம் அறிவுரை சொல்லாமல், அந்தப் பஸ் ஹோல்ட் கதையைச் சொல்லுங்கள். என்னிடம் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. பாடம் மாற்ற வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம். 2020இல் ஊரடங்கில் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்த மாதங்களில் என்ன செய்தாய், எது நன்றாக இருந்தது, எப்போது அலுத்தது என்றும் கேட்கலாம், வேலையில்லாத உலகத்தை அவர் சின்ன வயதில் கொஞ்சம் ருசி பார்த்தவர்தான்.

இது வருத்தமா?

பஸ் ஹோல்டில் நின்றது வருத்தம் இல்லை, 23 வருடப் பழக்கம் கால்களில் இருந்தது. ஒபிஸில் தினமும் ஏழு மணித்தியாலம் நடிப்பது எனக்கு அதைவிடக் கவலையாக இருக்கிறது, அது ஆளைத் தின்னும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்து பிறகு நித்திரை வராவிட்டால், சாப்பாடு பிடிக்காவிட்டால், முன்பு பிடித்ததெல்லாம் சப்பென்று போனால், டொக்டரிடம் போங்கள், அது குணமாக்கக்கூடியது. இருந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழில் பேசலாம்.

கையெழுத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால்: இந்த இரண்டு வாரத்துக்குள் போட வேண்டாம். தொகை விவரத்தை எழுத்தில் கேளுங்கள், தவணை கேளுங்கள், வேறு பிரிவில் இடமிருக்கிறதா என்று கேளுங்கள், தொழில் திணைக்களத்துக்குப் போய் வாருங்கள். அதற்குள் அந்த நாலு பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். தொகை நியாயமாக இருந்து, பிள்ளைகளும் ஒழுங்காக வந்து, மனைவியோடும் பேசி முடித்திருந்தால், பிறகு போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. 51 வயதில் மூன்று பேரோடு இருந்து ஒரு மென்பொருளுக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது.

நேரில் வர விரும்பினால் மனைவியையும் அழைத்து வாருங்கள். மகன் வந்தால் நல்லது, ஆனால் அவரை வற்புறுத்த வேண்டாம், பரீட்சை வருடம்.